அரங்கில் இடமுண்டு, ஆட்டந்தான் தெரியாது!

2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோ நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் மலேசிய நாடு தன் சரித்திரத்திலேயே முதன்முறையாகத் தங்கப் பதக்கம் பெற்றது. ஒன்றன்று, மூன்று. 100 மீட்டர் ஓட்டத்தில் முகமது ரிட்சுவான் பூசி, குண்டெறிதலில் முகமது சியாட் சொல்கெப்லி, நீளந்தாண்டுதலில் அப்துல் லத்திப் ரொம்லி ஆகிய மூவரும் அப்பெருமையை ஈட்டித் தந்தனர். சிங்கப்பூருக்கோ யிப் பின் சியூ என்னும் நீச்சல் வீராங்கனை 2008-லேயே பெய்ஜிங் நகரில் தங்கம் வென்று வழிகாட்டியிருந்தார். அந்நாட்களில் அமைச்சர் முதல் அங்காடிக்காரர் வரையில் பெருமிதம் பேசாத வாய் இல்லை. உடற்குறை ஒரு குறையே அன்று என்று மேடைதோறும் முழங்கினர். நாமும் மகிழ்ந்தோம், மகிழ்ந்தது நியாயமே.

ஆனால் நாம் ஒன்று கேட்க விரும்புகின்றோம். அவ்வீரர்களைப் போலவே உடற்குறை உடைய ஒரு மனிதன், ஓடவும் வேண்டாம், எறியவும் வேண்டாம், நீந்தவும் வேண்டாம். மற்றவர்களைப் போலக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, ஓர் அந்திப்பொழுதில் தன் தம்பியோடும் தோழனோடும் அமர்ந்து ஒரு காற்பந்தாட்டத்தைப் பார்க்க ஆசைப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்காக நாம் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றோம்? பதக்கம் கொணர்ந்தவனைத் தோளில் தூக்கிய சமூகம், பதக்கம் கொணராதவனைப் படிக்கட்டின் அடியில் நிறுத்திவிட்டு மேலே ஏறிப் போவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? ஆடுகளத்தில் அவனுக்கு இடம் தந்து, பார்வையாளர் வரிசையில் இடம் மறுக்கும் விந்தையை என்னென்று சொல்வது!

இவர்களை அழைக்கும் பெயரைப் பற்றி நம்மவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. நொண்டி, குருடு, செவிடு என்று வாய் கூசாமல் சொன்ன காலம் போய், அங்கவீனர் என்றோம், ஊனமுற்றோர் என்றோம், உடற்பேறு குறைந்தோர் என்றோம், தமிழ்நாட்டிலே மாற்றுத்திறனாளி என்கின்றனர். பெயர் இத்தனை முறை மாறிற்று. படிக்கட்டு அப்படியே நிற்கிறது. நல்ல பெயரை நாம் வெறுப்பவர் அல்லேம். ஆயினும் பெயர் சூட்டிவிட்ட திருப்தியில் கைகழுவிக்கொள்ளும் வழக்கம் நமக்கு நெடுங்காலமாக உண்டு என்பதைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை.

இஃது ஏதோ நாலு பேருடைய காரியம், இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்போர் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வோம். 1970-களில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், கோல் காவலர் ஆறுமுகம் நீண்ட கைகளை விரித்துப் பாய்ந்து பந்தைப் பிடித்தபோது தொண்டை கிழியக் கத்திய இளைஞர்களுக்கு இன்று வயது என்ன? எழுபதைத் தாண்டியிருக்கும். முழங்கால் மடங்காது, கண் மங்கியிருக்கும், செவி பாதி போயிருக்கும். 2019-இல் நடந்த மலேசியத் தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் நீரிழிவு உண்டென்று கண்டது. அந்நோய் பாதத்தையும் பார்வையையும் தின்னும் என்பதை நம் குடும்பங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு பந்தடித்தவர்கள் பலர் இன்று கைத்தடியோடு நடக்கின்றனர். இவர்களுக்குப் பந்தின் மேலுள்ள பற்று காலோடு சேர்ந்து போய்விடுமா? சக்கர நாற்காலியில் இருப்போர் இக்கூட்டத்தில் ஒரு சிறு பகுதியினரே. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவோர், கைப்பிடி இல்லாமல் இறங்க அஞ்சுவோர், ஒருமணி நேரம் வரிசையில் நிற்க இயலாதோர் ஆகிய அத்தனை பேரையும் சேர்த்தே நாம் பேசுகின்றோம். இன்று நலமாய் இருந்து இதை வாசிக்கும் அன்பரும், ஆயுள் நீண்டால், இவ்வரிசையில் வந்து நிற்க வேண்டியவரே.

இனி அரங்கினுள் செல்வோம். வாசலிலே சாய்தளம் ஒன்று இருக்கும். அதைக் காட்டி, "எல்லாம் செய்திருக்கிறோமே" என்பார்கள் நிர்வாகிகள். சாய்தளம் இருப்பது மெய்தான். 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் ஏற்றம் இருக்கலாகாது என்பது இதற்குரிய விதி. அதற்கு மேற்பட்டால் கை வலியவனுக்கே உருட்டி ஏறுவது அரிது, இறங்கும்போதோ ஆபத்து. அந்த விதிப்படியே கட்டியிருக்கட்டும். அதற்கு அப்பால்? சாய்தளம் முடியும் இடத்திலே சாமான் அடுக்கியிருந்தால் என்ன செய்வது? கழிவறை பூட்டியிருந்து, சாவி யாரிடம் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாவிட்டால் என்ன செய்வது? மூன்று மணி நேர ஆட்டத்துக்குப் போகிறவன் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் புறப்படுகிறான் என்றால், அவன் வாங்கிய சீட்டின் உண்மை விலை என்ன? இவற்றையெல்லாம் அரங்கின் வரைபடம் காட்டாது.

சரி, இவையனைத்தும் ஒழுங்காய் இருந்து அவன் இருக்கைக்கே வந்துவிட்டான் என்று கொள்வோம். வழக்கமாய் அவனுக்கு ஒதுக்கும் இடம், முன்வரிசைக்கும் முன்னால், ஓட்டப்பாதையை ஒட்டிய தரைமட்டத்தில் இருக்கும். அன்றேல் ஒரு வரிசையின் கோடியில் இருக்கும். தரைமட்டத்தில் விளம்பரப் பலகை பாதி ஆட்டத்தை மறைக்கும். கூரை அங்கு எட்டாது. நம் நாட்டு மழையோ சொல்லிக்கொண்டு வருவதில்லை. கோடியிலோ, முன்னால் உள்ளவர்கள் உட்கார்ந்திருக்கும் வரையில் எல்லாம் தெரியும். ஆட்டமென்பது எப்பொழுதும் உட்கார்ந்து பார்ப்பதா? பந்து கோலை நெருங்குகிறது. ஆயிரம் பேர் ஒருசேர எழுகின்றனர். எந்தக் கணத்துக்காக அவன் ஊரிலிருந்து புறப்பட்டு வந்தானோ, எந்தக் கணத்துக்காகக் காசு கொடுத்தானோ, அந்த ஒரே கணத்தில் அவன் கண்ணுக்கு முன்னே சட்டைகளின் முதுகுதான் இருக்கிறது. ஆரவாரத்தைக் கேட்டுக் கோல் விழுந்ததை அறிகிறான்; பக்கத்தில் இருப்பவனை இழுத்து, "யார் அடித்தது?" என்று கேட்கிறான். 90 நிமிட ஆட்டத்தில் 85 நிமிடத்தைக் காட்டிவிட்டு, மிச்சமுள்ள 5 நிமிடத்தை மறைத்தால் அது பாதகமில்லை என்பவர், அந்த 5 நிமிடம் எவையென்று எண்ணிப் பார்த்ததில்லை போலும்.

இது மிகை என்று நினைப்போர், இதே விஷயம் அமெரிக்காவில் நீதிமன்றம் ஏறியதை அறிதல் நலம். அந்நாட்டில் உடற்பேறு குறைந்தோர் உரிமைச் சட்டம் 1990-இல் பிறந்தது. தலைநகர் வாஷிங்டனில் ஒரு பெரிய உள்ளரங்கு கட்டத் தொடங்கினர். இரண்டாம் உலகப் போரிலே தண்டுவடம் முறிந்து திரும்பிய போர்வீரர்கள் தொடங்கிய சங்கம் ஒன்று அவ்வரங்கின் வரைபடத்தை வாங்கிப் பார்த்தது. பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டது: முன்னால் உள்ளவர்கள் எழுந்து நின்றால் எங்களுக்கு ஆட்டம் தெரியுமா? தெரியாது. வழக்குத் தொடுத்தனர். 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. சக்கர நாற்காலிக்குரிய இடங்களில் மிகப் பெரும்பாலானவை, எழுந்து நிற்கும் கூட்டத்துக்கு மேலாகவும் பார்வை செல்லும்படி அமைய வேண்டும் என்றாயிற்று. பின்னர் 2010-இல் வெளியான கட்டட விதிகளில் இது ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டது. இதற்கு வேண்டிய வித்தைதான் என்ன? அந்த மேடையைச் சில அங்குலம் உயர்த்த வேண்டும். அல்லது அதன் முன்னுள்ள வரிசையைத் தாழ்த்த வேண்டும். வரைபடத்திலே பென்சிலால் செய்யத்தக்க காரியம். கட்டிய பிறகோ கடப்பாரை வேண்டும். போரிலே உடலைக் கொடுத்தவர்கள் ஒரு பந்தாட்டம் பார்க்க வழக்காட வேண்டியிருந்தது என்பது அந்நாட்டுக்குப் பெருமையன்று. ஆனால் வழக்காட ஒரு சட்டமாவது அவர்களுக்கு இருந்தது.

அந்த அமெரிக்க விதிகளில் நம் மனத்தைத் தொட்டது வேறொன்றும் உண்டு. சக்கர நாற்காலி இடம் ஒன்றை வாங்குபவன், அதை ஒட்டி மேலும் மூன்று இருக்கைகள் வரை வாங்க உரிமையுடையவன். அதாவது, மனிதன் ஆட்டத்துக்குத் தனியே போவதில்லை, மனைவி மக்களோடு போகிறான் என்பதைச் சட்டம் எழுதியவன் அறிந்திருக்கிறான். நம்மிடையே இந்த அறிவுதான் பஞ்சமாயிருக்கிறது. ஒரு துணையாளை உடன் வைத்துக்கொள்ள அனுமதித்துவிட்டால் பேருபகாரம் செய்துவிட்டதாக எண்ணுகின்றனர். அப்பன் கீழே, பிள்ளைகள் இரண்டு மாடிக்கு மேலே என்று பிரித்து உட்கார வைத்தால், கோல் விழும்போது அந்த அப்பன் யாரைக் கட்டித் தழுவுவான்? இங்கிலாந்திலே இது இன்னும் கொடியதொரு உருவம் எடுத்தது. வெளியூர்க் கழகத்தின் ஆதரவாளராய் வந்த உடற்குறையாளரை, வேறு இடம் இல்லையென்று உள்ளூர் ஆதரவாளர் கூட்டத்தின் நடுவே உட்கார வைத்தனர். தன் அணி கோல் போட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கொடியை மறைத்துக்கொள்ள வேண்டும். மீறினால் வசையும் மிரட்டலும். ஓட முடியாதவனைப் பகைக்கூட்டத்தின் மத்தியில் விட்டுவிட்டு அதற்கு வசதி என்று பெயரிட்டனர்.

கண் தெரியாதவன் அரங்குக்கு எதற்கு என்று கேட்கும் அறிவாளிகளும் உளர். அவன் எதற்கு வருகிறான் என்பதை அவனிடம் கேட்பதே முறை. நாம் அறிந்த வரையில், மற்றவர் வருவதற்கே அவனும் வருகிறான். அவனுக்கென்று இங்கிலாந்து அரங்குகள் பலவற்றில் தனி வர்ணனை உண்டு. காதில் ஒரு சிறு கருவியை மாட்டிக்கொண்டால், அரங்குக்குள்ளேயே இருக்கும் ஒருவர் பந்து எந்த மூலையில் இருக்கிறது, யார் காலில் இருக்கிறது, நடுவர் எந்தச் சீட்டைக் காட்டினார் என்று அந்தந்த நொடியில் சொல்லிக்கொண்டே வருவார். வானொலி போதாதோ எனில், போதாது. இக்கால ஒலிபரப்பு சில நொடிகள் பிந்தி வரும். கூட்டம் ஆர்ப்பரித்து அடங்கிய பிறகு காதில் கோல் விழும். செவி கேளாதவர்க்கு, ஒலிபெருக்கியில் சொல்வதனைத்தும் பலகையில் எழுத்தாய் வர வேண்டும். தீப்பற்றியது, வெளியேறுங்கள் என்பதும் அதிலே சேர்த்தி. பேரிரைச்சலைத் தாங்கமாட்டாத ஆட்டிசக் குழந்தைகளுக்கு, கண்ணாடிச் சன்னல் வழியே ஆட்டம் பார்க்கும் அமைதி அறை ஒன்றைச் சண்டர்லாந்துக் கழகம் 2015-இல் திறந்தது. 2022-இல் கத்தார் நாட்டில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியிலும் அத்தகைய அறைகள் இருந்தன. இவை எவையும் ஆகாயத்திலிருந்து இறங்கிய அற்புதங்கள் அல்ல.

இங்கிலாந்து என்றோம். நம் நாட்டில் நள்ளிரவில் கண்விழித்து, வேலைக்குத் தூங்கி வழிந்துகொண்டு போகும் இளைஞர்கள் தொழும் தெய்வம் ஆங்கிலேயப் பிரிமியர் லீக் அன்றோ? அதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். செலவு, செலவு என்று புலம்புவோர்க்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

2015 பிப்ரவரியில் அந்த லீக், பிரிட்டனுக்குள் மட்டும் மூன்று பருவங்களின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமையை 513 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு விற்றது. அதற்கு முந்திய ஆண்டில்தான் பி.பி.சி. ஒரு விசாரணை செய்து, 20 கழகங்களில் 17 கழகங்கள் சக்கர நாற்காலிக்கு வேண்டிய அளவு இடம் வைக்கவில்லை என்று வெளியிட்டிருந்தது. வேண்டிய அளவு என்பது பேராசைக் கணக்கன்று. புதிதாய்க் கட்டும் 40,000 இருக்கை அரங்குக்கு 210 இடம். அதற்கு மேல் ஆயிரத்துக்கு 2 இடம். இவ்வளவுதான் அங்குள்ள வழிகாட்டி நூல் கேட்டது. இதைக் கொடுக்கவே இயலவில்லையாம், உலகத்திலேயே செல்வமிக்க காற்பந்து லீக்குக்கு! ஒரு வீரனை வாங்கப் பல கோடி பவுண்டு கொட்டுகிறவர்கள், ஒரு மேடையை உயர்த்தச் சில லட்சத்துக்குக் கணக்குப் பார்த்தனர். ஊர் சிரித்த பிறகு, 2015 செப்டம்பரில், 2017 ஆகஸ்டுக்குள் அவ்வழிகாட்டியை நிறைவேற்றுவோம் என்று எல்லாக் கழகங்களும் வாக்களித்தன. 2017 ஜனவரியில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் குழு ஒன்று, செல்வக் கழகங்கள் இதில் காட்டும் அசட்டையைக் கடுமையாகக் கண்டித்தது. ஆகஸ்டும் வந்தது, வாக்கு முழுதும் நிறைவேறவில்லை. சில கழகங்கள் புது அரங்கு கட்டப் போகிறோம், பொறுங்கள் என்றன. சில, எங்களுடையது பழைய கட்டடம் என்றன.

பழைய கட்டடம்! இந்தச் சாக்கை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். 1989-இல் ஷெப்பீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலில் சிக்கி 97 ஆதரவாளர்கள் மாண்டனர். அதை விசாரித்த டெய்லர் பிரபு 1990 ஜனவரியில் தந்த அறிக்கையை ஒட்டி, உயர்பிரிவுக் கழகங்களின் அரங்குகளில் நின்று பார்க்கும் வழக்கம் ஒழிந்து, எல்லோர்க்கும் இருக்கை வைக்க வேண்டும் என்றாயிற்று. 1994 ஆகஸ்டு கெடு. நூறாண்டுப் பழமையான மேடைகளையெல்லாம் இடித்தனர், கூரையைப் பெயர்த்தனர், சில கழகங்கள் ஊரையே விட்டு வேறிடத்தில் கட்டின. நாலு ஆண்டில் ஒரு தேசத்தின் அரங்குகள் உருமாறின. அந்த இடிபாட்டின் நடுவே சக்கர நாற்காலிக்கு ஒழுங்கான இடம் வகுக்க எத்தனை எளிதாயிருந்திருக்கும்! வகுக்கவில்லை. அப்பொழுது மறந்துவிட்டு, இருபது ஆண்டு கழித்துப் பழைய கட்டடத்தின் மேல் பழி போடுகின்றனர். மான்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தின் அரங்கில் அப்பொழுது 75,000-க்கு மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. அதிலே சக்கர நாற்காலி இடங்களை ஏறத்தாழ இருமடங்காக்கும் திட்டத்தை 2017-இன் தொடக்கத்தில் அறிவித்தபோது, அதற்காகப் பொது இருக்கைகளில் 2,000-க்கு மேல் குறையும் என்று அக்கழகமே ஒப்புக்கொண்டது. குறைந்தது, அதனால் கழகம் திவாலாகவில்லை. அவ்விருக்கைகளில் நெடுநாள் உட்கார்ந்தவர்கள் இடம் மாற வேண்டியிருந்தது. முணுமுணுத்தோரும் இருந்திருப்பர். அவர்கள் மாறிய இடமும் அரங்குக்குள்ளேதான் இருந்தது. யாரும் வாசலில் நிற்கவில்லை.

அந்நிய நாட்டைத் திட்டுவது சுலபம். நம் வீட்டுக்கு வருவோம்.

மலேசியாவில் 2008-இல் உடற்பேறு குறைந்தோர் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 32-ஆம் பிரிவு, பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் மற்றவர்களோடு சமமாகப் பங்கு பெறும் உரிமை இவர்களுக்கு உண்டு என்று கூறுகிறது. கேட்கக் காது குளிர்கிறது. ஆனால் அதே வாக்கியத்தின் வாலிலே ஒரு முடிச்சு: உடற்பேறு குறைந்தோரின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைக்கக்கூடிய நிலைமை இருந்தால், அந்த உரிமை அதற்கு உட்பட்டதாம். யாருடைய பாதுகாப்பு என்று சொல்லி யாரைத் தடுக்கிறார்கள், பாருங்கள்! படிக்கட்டு வைத்தவனே, படிக்கட்டு உனக்கு ஆபத்து, ஆகையால் வராதே என்று சொல்ல இவ்வாசகம் இடங்கொடுக்கிறது. உரிமையை மீறினால் என்ன தண்டனை என்று தேடினால், இயற்றிய நாளில் அச்சட்டத்தில் அப்படியொன்று வைக்கப்படவே இல்லை. 41-ஆம் பிரிவோ, நல்லெண்ணத்தோடு செய்த பிழைக்கும் செய்யாமல் விட்ட கடமைக்கும் சர்க்கார் மீது வழக்காட முடியாது என்று வேலி கட்டியது. உரிமை உண்டு, கேட்க வழியில்லை. பசித்தவனுக்கு இலை போட்டுச் சோற்றுப் பானையைப் பூட்டி வைத்த கதை! 2010-இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் மலேசியாவும், 2013-இல் சிங்கப்பூரும் சேர்ந்தன. அதன் 30-ஆவது விதி, விளையாட்டு நடக்கும் இடங்களுக்குள் செல்லும் வசதியை அரசாங்கங்கள் உறுதிப்படுத்த வேண்டும் என்று தெளிவாகவே பேசுகிறது. ஒப்பமிட்ட மை உலர்ந்து பத்தாண்டுக்கு மேலாயிற்று.

சிங்கப்பூர் அன்பர்கள், நாங்கள் அப்படியல்ல என்று நெஞ்சு நிமிர்த்தலாம். அவர்கள் 1990-லேயே தடையற்ற கட்டடத்துக்கு விதி வகுத்ததும், 2014-இல் திறந்த காலாங் தேசிய அரங்கு புதுக் காலத்து அரங்கு என்பதும் மெய். ஆயினும் ஒன்றை நினைவூட்டுவோம். 1987-இல் அங்கே பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியபோது, சக்கர நாற்காலியாளர் ஏறி இறங்க நிலையங்களில் மின்தூக்கி வைக்கவில்லை. பிறகு மனம் மாறி, ஓடிக்கொண்டிருக்கும் ரயிலுக்கு நடுவே ஒவ்வொரு நிலையமாய்த் தோண்டி, 2006-ஆம் ஆண்டளவில் எல்லா நிலையங்களிலும் வசதி செய்து முடித்தனர். செய்து முடித்ததைப் பாராட்டுவோம். அதற்குள் ஏறத்தாழ இருபதாண்டுகள், ரயில் ஓடுவதை வெளியே இருந்து பார்த்தவர்களின் வாலிபம் போயிற்றே, அதை யார் திருப்பித் தருவார்? இன்று அந்த மின்தூக்கியால் அதிகப் பயன் பெறுகிறவர் யார் என்று எந்த நிலையத்திலும் நின்று பாருங்கள்: கைக்குழந்தைக்காரி, பெட்டி தூக்கியவன், கிழவர், கிழவியர். சில பேருக்குச் செய்ததாகச் சொல்லிக்கொண்ட காரியத்தில் ஊரே ஏறிப் போகிறது.

"வீட்டிலே தொலைக்காட்சி இருக்கிறதே, அங்கே வசதியாய்ப் பார்க்கலாமே" என்பவருக்கு நாம் சொல்லும் விடை ஒன்றே: அப்படியானால் நீங்களும் வீட்டிலேயே இருங்கள். ஏன் போகிறீர்கள்? புல்லின் வாசனைக்கும், கூட்டத்தின் கூச்சலுக்கும், முன்பின் தெரியாதவன் தோளில் கைபோட்டுக் கத்துவதற்கும் போகிறீர்கள். அது உங்களுக்கு இன்றியமையாதது, அவனுக்கு அநாவசியமா?

"இடம் ஒதுக்கினோம், யாரும் வரவில்லை, காலியாய்க் கிடந்தது" என்னும் வாதம் இதைவிடத் தந்திரமானது. இதை நிர்வாகிகள் புள்ளிக் கணக்கோடு கொண்டுவருவார்கள். காலியாய்க் கிடந்தது உண்மையாகவே இருக்கலாம். அந்த இடம் இருப்பதாக எந்த விளம்பரத்தில் அச்சிட்டீர்கள்? சீட்டு விற்கும் இணையப் பக்கத்தில் மற்ற இருக்கையையெல்லாம் விரல் தொட்டு வாங்கலாம். இதற்கு மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டு, நோயின் பெயரைச் சொல்லி, அட்டையைப் படம் எடுத்து அனுப்பி, பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும் என்றால் எத்தனை பேர் கூப்பிடுவார்கள்? வண்டி நிறுத்த ஒதுக்கிய இடத்தில் பிரமுகர் கார் நின்றால் எப்படி வந்து இறங்குவார்கள்? ரயிலில் வந்தவன், நிலையத்துக்கும் அரங்குக்கும் இடையே உள்ள நடைபாதை ஒரு சாக்கடை மூடியில் முடிந்துபோனால் பறந்தா வருவான்? வழியெல்லாம் முள்வேலி போட்டுவிட்டு, விருந்துக்கு ஆள் வரவில்லையே என்று அங்கலாய்ப்பவரை என்ன சொல்வது!

இலவசச் சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கொரு நாள், ஒரு விடுதியிலிருந்து ஐம்பது பேரை வண்டியிலேற்றி வந்து, ஒரே நிறச் சட்டை அணிவித்து, புகைப்படக்காரர் முன் வரிசையாக நிறுத்தி, ஆட்டம் முடியுமுன்னே வண்டி கிளம்புகிறதென்று கூட்டிச் செல்லும் தருமத்தை நாம் நன்கறிவோம். செய்வோரின் மனத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்த ஐம்பது பேரில் எவருக்கு எந்த அணி பிடிக்கும் என்று யாரேனும் கேட்டதுண்டா? இலவசமாக வந்தவன் வாய்திறக்க முடியாது. தூண் மறைக்கிறதென்று குறைசொல்ல முடியாது. அடுத்த வாரமும் வருவேன் என்று சொல்லவே முடியாது. காசு கொடுத்து வந்தவனே, "என் இடம் எங்கே?" என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் இலவசம் கொடுக்கிறார்களோ என்றுகூடச் சிற்சில வேளைகளில் நமக்குத் தோன்றுவதுண்டு.

கடைசியாக நம்மவரைப் பற்றி. தோட்டப்புறங்களிலும் பட்டணத்துத் திடல்களிலும் நம் சங்கங்கள் ஆண்டுதோறும் காற்பந்துப் போட்டி வைக்கின்றன, கிண்ணம் கொடுக்கின்றன, தலைவர்களுக்கு மாலை போடுகின்றன. தலைவர்களுக்குக் கூடாரமும் மெத்தை நாற்காலியும் உண்டு. அந்தக் கூடாரத்தின் ஓரத்தில், பழைய ஆட்டக்காரர் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்தால் நிறுத்த நாலடி இடம் ஒதுக்கியிருக்கிறோமா? சேற்றுத் தரையில் இரண்டு பலகை போடச் செலவு எத்தனை வெள்ளி? இதற்குச் சர்க்கார் சட்டம் வேண்டுமா, ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை வேண்டுமா? இன்னொன்றும் உண்டு. உடற்குறையுள்ள பிள்ளையை நாலு பேர் கூடும் இடத்துக்கு அழைத்துவரக் கூசும் பெற்றோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். முற்பிறப்பு வினை என்று பேசும் அண்டை வீட்டு நாவுக்கு அஞ்சியே அவர்கள் கூசுகின்றனர். அந்த நாவை அடக்குவதும் அரங்கத்துக்கு வழி கோலும் வேலையிலே சேர்ந்ததுதான். அதற்குக் கொத்தனாரும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம்.

நாம் கேட்பது பெரிதன்று. கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கமாயினும், காலாங் அரங்கமாயினும், மாநில அரங்கங்களாயினும், ஆட்டம் நடத்துவோர் தங்கள் விளம்பரத்தில் சீட்டின் விலையை அச்சிடும் அதே இடத்தில் பின்வருவனவற்றையும் அச்சிடட்டும்: சக்கர நாற்காலிக்கு எத்தனை இடம், அது எந்தப் பகுதியில், கூரைக்கு உள்ளேயா வெளியேயா, முன்னால் உள்ளோர் எழுந்து நின்றால் அங்கிருந்து ஆட்டம் தெரியுமா, உடன் வருவோர் எத்தனை பேர் பக்கத்தில் அமரலாம், கழிவறைச் சாவி யாரிடம் இருக்கும். ஒவ்வோர் அரங்கத்தின் நிர்வாகக் குழுவிலும், அந்த இடத்திலிருந்து காசு கொடுத்து ஆட்டம் பார்க்கும் ஒருவரேனும் அங்கத்தினராய் இருக்கட்டும். சீட்டைப் பரிசோதிப்பவனுக்கும் வாசல் காப்பவனுக்கும், வருபவனோடு எப்படிப் பேசுவது என்று, நாற்காலி தள்ளுபவனை நோக்கியன்றி அதில் அமர்ந்திருப்பவனை நோக்கிப் பேசுவது என்று, ஒரு மணி நேரமாவது கற்றுக்கொடுக்கட்டும். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்குச் சீட்டு விற்பனை தொடங்குமுன் இவ்விவரங்களை வெளியிடுவதற்கு, நாம் அறிந்த வரையில், எந்த அரங்க நிர்வாகத்துக்கும் ஒரு வெள்ளியும் செலவாகாது.